ஆறில் முடிகிற நம்பர்

கல்யாணத் தட்டில் போன் வைத்து அனுப்புகிற பழக்கத்தை யார் தொடங்கிவைத்தாரோ, பெண்ணைப் பெற்ற தகப்பன்மாரின் துஆ ஒன்றும் அவருக்குக் கிடைத்திருக்காது. சாரி, செருப்பு, அத்தர், பேரீச்சம்பழம் எல்லாவற்றுக்கும் நடுவில் ரிப்பன் கட்டிய பெட்டியில் ஒரு புதுப் போன். கலேவெலயிலிருந்து உக்குவளைக்கு வந்த தட்டுகளிலும் அது இருந்தது. பெட்டியைக் கண்டதும் பெண்ணின் வாப்பா ஸக்கரியாவின் முகம் கறுத்துப் போயிற்று. மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற மனிதர் அவர். சிரிப்பெல்லாம் கடையோடு சரி, வீட்டில் சட்டம்தான். நிகாஹ் முடிகிற வரைக்கும் மகளும் மாப்பிள்ளையும் கதைக்கத் தேவையில்லை, போன் அலுமாரியில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அலுமாரியில் அது ஒரு கிழமைகூட இருக்கவில்லை. மாப்பிள்ளையின் தங்கை பஸ்லா சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை. சாரியின் நிறம், சட்டையின் அளவு, செருப்பின் குதி உயரம் என்று நாளுக்கொரு கேள்வி கேட்டு பெண்ணின் உம்மா ஸைனம்புவின் போனுக்குக் கோல் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஸைனம்பு அலுத்துப்போய், மகளிடம் புதுப் போனைக் கொடுத்து, வாப்பாவின் காதுக்குப் போகாமல் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் போனில் இரண்டே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று பஸ்லா, மற்றது ஹுஸ்னி. இரண்டையும் பஸ்லாதான் போட்டு அனுப்பியிருந்தாள். கலேவெலச் சந்தையில் குடைக்குக் கீழே சிம் விற்கிறவனிடம் அடுத்தடுத்த நம்பராகக் கேட்டு வாங்கினாளாம். நாநா ஹுஸ்னியுடையது ஆறில் முடியும், மச்சி ஜெஸ்லாவுடையது ஏழில் முடியும், மற்ற இலக்கம் எல்லாம் ஒன்றே. சேர்ந்து வாழப் போகிறவர்களுக்கு நம்பரும் சேர்ந்திருக்கட்டும் என்று ஒரு குறும்பு. நாநாவின் பெயரைப் பார்க்கலாம், தொடக்கூடாது என்று கண்டிப்பு வேறு.

ஜெஸ்லா தொடவில்லை. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர் அவள், சொன்ன சொல்லைத் தாண்டாதவள் என்று பெயரெடுத்தவள். ஹுஸ்னியை அவள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும்தான் கண்டிருந்தாள். அன்றைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. கலேவெலயில் ஹாட்வெயார் கடை வைத்து நாள் முழுக்க ஆணியும் கம்பியும் நிறுத்துப் போடுகிற கை, தட்டிலிருந்து ஒரு துண்டு மஸ்கத் இனிப்பு எடுப்பதற்கு அப்படி நடுங்கியது. அந்த நடுக்கம் ஜெஸ்லாவுக்குப் பிடித்திருந்தது.

பிடித்திருந்ததுதான் வில்லங்கம். பிடிக்காத மாப்பிள்ளையிடம் ஒன்றை மறைப்பது லேசு. ஜெஸ்லாவுக்கு வலிப்பு இருந்தது. சின்ன வயதில் வந்தது, ஏ.எல். படிக்கிற காலத்தில் கடைசியாக வந்துபோனது. அதற்குப் பிறகு காலையும் இரவும் குளிசை, இடைக்கிடை கண்டியில் டாக்டர். கல்யாணம் முடிக்கலாம், பிள்ளை பெறலாம், முதலிலேயே என்னிடம் சொல்லிச் செய்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது ஊருக்குக் கேட்கவில்லை. முன்னால் வந்த சம்பந்தங்களிடம் ஸக்கரியா மனச்சாட்சிக்குப் பயந்து உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்தார். ஒரு வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வீட்டார் அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லாமல் எழுந்தார்கள். ஆகவே கலேவெலச் சம்பந்தம் வந்தபோது ஸைனம்பு முந்திக்கொண்டாள். பிள்ளைக்கு ஓர் ஐபும் குறையும் இல்லை என்று தரகரிடம் அடித்துச் சொன்னாள். நிகாஹ் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். ஸக்கரியா மென்று முழுங்கினார். சட்டம் பேசுகிற மனிதர்கள் சிலர் அப்படித்தான். போனை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்ல வரும், பொய்யைப் பூட்டி வைக்கச் சொல்ல வாய் வராது.

முதல் கோல் பகல் நேரத்தில் வந்தது. ஜெஸ்லா பாடசாலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த போன் அலறியது. ஈரக் கையோடு ஓடிப் பார்த்தால் திரையில் ஹுஸ்னி என்று பெயர். கதவைச் சாத்திவிட்டு எடுத்து ஸலாம் சொன்னாள். பதில் இல்லை. தூரத்தில் ஏதோ மெல்ல இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. கடையில் சுற்றுகிற காற்றாடி என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கோல் தானாக அறுந்தது.

வேறொரு பெண்ணாக இருந்தால் நெட்வெர்க் சரியில்லை என்று விட்டிருப்பாள். ஜெஸ்லா கணக்கு டீச்சர் அல்லவா, உட்கார்ந்து யோசித்தாள். இந்த நம்பர் பஸ்லாவையும் ஹுஸ்னியையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. பெயரும் அவனுடையதுதான் விழுந்திருக்கிறது. ஆகவே எடுத்தது அவன். எடுத்தவன் ஏன் கதைக்கவில்லை என்றால், கதைக்கக் கூடாது என்று வாப்பா சொல்லியிருக்கிறார். கதைக்கத்தானே கூடாது, கேட்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே. வாக்கையும் மீறாமல் ஆசையையும் விடாமல் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான் பாவம் என்று முடிவு கட்டினாள். மஸ்கத் எடுக்க நடுங்கிய கை அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு அவள் சோற்றில் உப்பு இல்லாததைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு கோல் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் பகலில், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு. சனி ஞாயிறில் வருவதில்லை, கடையில் சனம் அதிகம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை சரியாக ஜும்ஆ நேரத்தில் வந்தது. பள்ளியில் குத்பா நடக்கிற நேரத்தில் ஒரு மாப்பிள்ளை போனும் கையுமாக இருப்பானா என்று அங்கேயே யோசித்திருக்க வேண்டும். பயணத்தில் இருக்கிறார் போல என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். மனசுக்குப் பிடித்த விடை ஒன்று முன்கூட்டியே கிடைத்துவிட்டால் கணக்கு டீச்சரும் வழியைச் சரிபார்ப்பதில்லை.

முதலில் ஸலாத்தோடு நிறுத்தினாள். பிறகு மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் அட்டகாசம், மாத்தளையில் பெய்கிற மழை, பஸ்லா அனுப்பிய சாரியின் நிறம் தனக்குப் பொருந்துமா என்கிற சந்தேகம், இப்படி. அந்த மௌனம் அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டது, நடுவில் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளை அப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

அதனால்தான் அவளுக்குக் குற்றமாகப் பட்டது. இவ்வளவு நல்ல மனிதனை ஏமாற்றி நிகாஹுக்கு உட்காரவைக்கப் போகிறோமே என்று குளிசையை வாயில் போடுகிற ஒவ்வொரு தரமும் உறுத்தியது. கோல் நீண்ட நேரம் நிற்காது, அரை நிமிஷத்தில் அறுந்துவிடும். அதற்குள் சொல்லி முடிக்க வேண்டியதை அவள் பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போல மனப்பாடம் செய்துகொண்டாள். வியாழக்கிழமை போன் அடித்தது. ஸலாம் சொன்ன கையோடு, மூச்சு விடாமல், தனக்கு வலிப்பு இருக்கிறது, மருந்து குடிக்கிறேன், உங்கள் வீட்டாரிடம் மறைத்துவிட்டோம் என்று சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"வேணாம்னா இனிமே கோல் எடுக்காதீங்க. நான் விளங்கிக்குவேன்."

காற்றாடிச் சத்தம் கொஞ்சம் இரைந்தது. பிறகு அறுந்தது.

வெள்ளிக்கிழமை கோல் வரவில்லை. சனி, ஞாயிறு எப்படியும் வராது. அந்த மூன்று நாளும் ஜெஸ்லா பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. போனைத் தலையணைக்குக் கீழே வைத்தாள், பிறகு அலுமாரியில் வைத்தாள், பிறகு எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். பிள்ளைக்கு முகம் வெளிறியிருக்கிறதே என்று ஸைனம்பு கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பகல், பாடசாலைச் சாரியைக்கூட மாற்றவில்லை, போன் அடித்தது. ஹுஸ்னி.

எடுத்தாள். ஸலாம் சொன்னாள். அந்தப் பக்கம் மௌனம். அந்த மௌனத்தைப் போல இனிப்பான ஒன்றை அவள் அதுவரை கேட்டதில்லை. வேண்டாமென்றால் எடுக்காதே என்று சொல்லியும் எடுத்திருக்கிறான். கோல் அறுந்ததும் முஸல்லாப் பாயை விரித்து, நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தாள், நெடுநேரம் எழும்பவில்லை. எத்தனையோ வருஷமாக முதுகில் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல இருந்தது. அன்றிலிருந்து அவள் நடையே மாறிப்போயிற்று. வீட்டில் கல்யாண ஆடைக்கு மணி தைக்கிற வேலையில் தானே போய் உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பில் வீட்டுவேலை செய்யாத பிள்ளைகளைக்கூட ஏசாமல் விட்டாள்.

கல்யாணத்துக்கு வீடு வீடாகச் சொல்லப் போகிற வேலை தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், அந்தப் போனில் முதல் தரமாகப் பெயர் இல்லாத ஒரு நம்பர் விழுந்தது. எடுத்தாள். சிங்களத்தில் ஒரு பொம்பளைக் குரல், கொதிக்கிற எண்ணெயில் கடுகு போட்டாற்போல வெடித்தது. நீ யார், என் புருஷனிடம் உனக்கு என்ன வேலை, எடுத்து எடுத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாயே, இப்போது கதை பார்ப்போம் என்று ஒரே மூச்சில் கேட்டது.

ஜெஸ்லாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். பொறுமையாக விசாரித்தாள். அந்தப் பொம்பளையின் பெயர் குசுமலதா, வில்கமுவவில் வயல் செய்கிற குடும்பம். புருஷன் சேற்றில் நிற்கிற நேரமாகப் பார்த்து வரம்பில் வைத்த போன் அடிக்குமாம். அந்த மனிதன் முழங்கால் சேற்றோடு ஏறி வந்து காதில் வைத்தால் பேச்சு மூச்சு இருக்காதாம். நாளுக்கு நாள் அதே நம்பர். யாரோ தெரியாது என்று அவன் சொல்லச் சொல்லக் குசுமலதாவுக்குச் சந்தேகம் ஊறியிருக்கிறது. இன்றைக்கு அவன் போனைப் பிடுங்கி அந்த நம்பருக்குத் தானே கோல் எடுத்திருக்கிறாள், பதில் சொன்னது ஓர் இளம் பெண். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டாள்.

தான் ஒருநாளும் அந்த நம்பருக்கு எடுக்கவில்லை என்று ஜெஸ்லா சொன்னாள். குசுமலதா நம்பவில்லை. அப்போது புருஷன் போனை வாங்கிக்கொண்டு, தங்கை முறை வைத்து நங்கி என்று கூப்பிட்டு, உள்ளதைச் சொல்லிவிடுங்கள், இந்த வீட்டில் எனக்கு ஒழுங்காகச் சோறு கிடைத்து எத்தனையோ நாள் என்று அழாத குறையாகக் கெஞ்சினான். போதாததற்குக் குருநாகலில் யாரோ ஒரு பெரிய மனிதர், மஹத்தயா, நீதான் எனக்கு எடுத்து எடுத்துக் கட் பண்ணுகிறாய் என்று தன்னை ஏசுகிறாராம். தான் அவருக்கு எடுக்கவே இல்லை, சத்தியம் என்றான்.

ஜெஸ்லா அந்த மஹத்தயாவின் நம்பரைக் கேட்டாள். சொன்னான். பிறகு திரையில் விழுந்திருந்த வில்கமுவ நம்பரைப் பார்த்தாள். அவளுடையது ஏழில் முடிகிறது. இவர்களுடையது எட்டு. குருநாகல் ஆளுடையது ஒன்பது. மற்ற இலக்கம் எல்லாம் ஒன்றே.

ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் கடைசி வாங்கில் தூங்குகிறவன்கூட விடை சொல்லியிருப்பான். எங்கேயோ இருந்து ஒரு மெஷின் வரிசையாக எல்லா நம்பருக்கும் கோல் எடுக்கிறது. எடுக்கிற நம்பருக்கு ஒன்று குறைந்த நம்பரைக் கள்ளமாகக் காட்டுகிறது. தெரிந்த நம்பர் போல இருந்தால் சனம் பதில் சொல்லும் என்பதற்காக. குசுமலதாவுக்கு அவள் இதை எடுத்துச் சொன்னாள். உங்கள் புருஷன் குருநாகலுக்கு எடுக்காமலே அவருடைய நம்பர் அங்கே விழுந்தது போலத்தான், நான் எடுக்காமலே என்னுடையது உங்களுக்கு விழுந்திருக்கிறது என்றாள். பிறகு குசுமலதா சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. மன்னித்துக்கொள்ளுங்கள் மிஸ், அறுவடை முடிந்ததும் புது அரிசி தருகிறேன், கட்டாயம் வில்கமுவவுக்கு வரவேண்டும் என்று வாய் நிறைய அழைத்தாள். ஒரு வீட்டு அடுப்பு அன்றைக்கு ஒழுங்காக எரிந்திருக்கும்.

ஜெஸ்லா போனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். எட்டுக்கு ஏழு விழுந்தால், ஏழுக்கு ஆறு. ஆறு ஹுஸ்னி. ஹுஸ்னி ஒருநாளும் எடுக்கவில்லை. வலிப்பையும் சாரியையும் மழையையும் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு மெஷின். திங்கட்கிழமை வந்த பதிலும் பதில் இல்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்கு ஊரெல்லாம் சொல்லியாகிறது, அவனுக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது.

எழுந்து சமையலறைக்குப் போய் உம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஸைனம்பு தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். மகள் யாரோ தெரியாத மெஷினோடு இத்தனை நாள் கதைத்தாள் என்பது அவளுக்கு ஏறவே இல்லை. விஷயம் கலேவெலவுக்குப் போகவில்லை என்பது மட்டும் ஏறியது. அவள் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். யாருக்கும் கேக்கல்லையே. அல்லாஹ் மூடி வச்சத நீ தொறக்காத மகள்."

ஸைனம்பு கெட்டவள் இல்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள் வாசலைத் தாண்டிப் போகிறதைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோன தாய். அது ஜெஸ்லாவுக்கும் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை சுஜூதிலிருந்து எழும்பியபோது இருந்த அந்த லேசு அவளுக்குத் திரும்ப வேண்டும்போல இருந்தது. தன்னை அறிந்த ஒருவனோடு வாழப் போகிறோம் என்று சில நாள் இருந்து பார்த்தவளுக்கு, இனி மற்றது முடியாது.

"எனக்குத் தெரியாத ஆளுக்கு வாழ்க்கைப்பட ஏலும் உம்மா. என்னத் தெரியாத ஆளுக்கு ஏலாது."

ஸைனம்பு தடுக்க எழுவதற்குள் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பார்க்கலாம், தொடக்கூடாது என்ற பெயரைத் தொட்டாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்து, கட்டாயிற்று. அவன்தான் கட் பண்ணியிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. ஹுஸ்னி என்றுதான் விழுந்தது. இத்தனை நாளும் அப்படித்தானே விழுந்தது. அந்தப் பெயரைப் பார்க்க இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது. எடுத்தாள், ஆனால் ஸலாம் சொல்லவில்லை.

"முதல்ல நீங்க கதைங்க," என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மெஷினுக்குத் தொண்டை கரகரப்பதில்லை. அந்தச் செருமலிலேயே அவளுக்குப் பாதி உயிர் வந்தது. நான்தான் ஹுஸ்னி என்று ஒரு குரல், அவள் நினைத்திருந்ததைவிடக் கட்டையான குரல், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று பதறிக்கொண்டு கேட்டது. கடையில் ஆள் நின்றதால் கட் பண்ணிவிட்டு வெளியே வந்தானாம். முன்பு எப்போதாவது எனக்குக் கோல் எடுத்தீர்களா என்று அவள் கேட்டாள். ஒருநாளும் இல்லை, உங்கள் வாப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்றான். தன் போனுக்கும் தெரியாத நம்பரிலிருந்து ஊமைக் கோல் வருகிறது, இரண்டு தரம் நன்றாக ஏசிவிட்டேன் என்றும் சொன்னான். அதே மெஷினிடம் தான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்று நினைக்க ஜெஸ்லாவுக்குக் காது சுட்டது. வெட்கத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, மனப்பாடம் செய்யாமல், வந்த மாதிரியே சொன்னாள்.

"எனக்கு வலிப்பு இருக்கு. சின்னதுல இருந்தே. கொஞ்ச வருஷமா வரல்ல, ஆனா குளிசை குடிக்கிறேன், இனியும் குடிக்கணும். உங்க வீட்டுக்குச் சொல்லாம மறைச்சிட்டோம். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவன் ஒன்றும் பேசவில்லை. இந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. லொறி ஒன்று ஹோன் அடித்தது. கூரைத் தகட்டு ஆணி இருக்கிறதா என்று யாரோ சிங்களத்தில் கேட்டார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று அவன் சொன்னது கேட்டது. அவன் மூச்சு விடுவதும் கேட்டது. இதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் இந்தத் தரம் தானாக ஒன்றும் நிரப்பிக்கொள்ளவில்லை. காத்திருந்தாள்.

"அது வந்தா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. இத்தனை வருஷத்தில் பெண் கேட்டு வந்த ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எத்தனை தரம் வந்தது, பிள்ளைக்கும் வருமா, யாருக்கெல்லாம் தெரியும் என்றுதான் கேட்டார்கள். பாடம் நடத்துகிற குரலில் அவள் சொல்லத் தொடங்கினாள், நடுவில் குரல் உடைந்தது. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்கவேண்டும், வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது, கையைக் காலைப் பிடித்து அமுக்கக்கூடாது, தானாக விட்டுப் போகும், விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குளிசை தவறக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது. அவன் ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்றான்.

"கையில இரும்பு குடுக்கணும்னு சொல்வாங்களே. நம்மட கடை நெறைய இரும்புதான்."

அழுகைக்கு நடுவில் ஜெஸ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இரும்பு வேணாம். பக்கத்துல இருந்தாப் போதும்."

"அது ஏலும்," என்றான் ஹுஸ்னி.

பிறகு, உம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது, அவர் என்ன சொல்வாரோ தெரியாது என்றும் சொன்னான். மறைக்க வேண்டாம் என்று அவளும் சொன்னாள், மெஷின் கதையையும் சொன்னாள். போனை வைத்தபோது கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நெஞ்சில் அந்த லேசு திரும்பி வந்திருந்தது, இந்தத் தரம் உண்மையாகவே. கதவுக்கு வெளியே ஸைனம்பு சுவரோடு சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். அன்று மாலை ஸக்கரியாவுக்கும் சொன்னார்கள். போனில் கதைத்ததற்கு ஏசப் போகிறார் என்று பார்த்தால், அவர் மகளின் தலையில் கையை வைத்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் பகல் வாசலில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. மாப்பிள்ளையின் உம்மா நூருன்னிஸா இறங்கினாள். புருஷன் மவுத்தான பிறகு அந்த ஹாட்வெயார் கடையைத் தனியாக நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கியவள், பெரிய உருவம், பெரிய குரல். சொல்லாமல் கொள்ளாமல் கலேவெலயிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஸைனம்பு பதறிப்போய் ஸக்கரியாவைக் கடையிலிருந்து வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

"போன்ல வாற எதையும் நம்ப ஏலாதுன்னு மகன் சொன்னான். அதான் நேர்ல வந்தேன்," என்று நூருன்னிஸா தொடங்கினாள்.

பிறகு ஏசினாள். நன்றாகவே ஏசினாள். நோய் வருத்தம் யாருக்கு வராது, எங்கள் வீட்டில் இல்லாத வருத்தமா, அதற்காகச் சொல்லாமல் இருப்பீர்களா, நாங்கள் என்ன மனுஷர் இல்லையா என்று கேட்டாள். கல்யாணம் முடிந்து ஒருநாள் ராத்திரி பிள்ளைக்கு வந்திருந்தால், என்ன ஏது என்று தெரியாமல் என் மகன் எப்படிப் பதறியிருப்பான், தெரியாத்தனத்தில் பிள்ளையை ஏதாவது செய்து வைத்திருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டபோது குரல் கம்மியது. ஸக்கரியா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஸைனம்பு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மாப்புக் கேட்டாள். ஜெஸ்லா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்தை முறிக்க வந்தவள் முதலில் இப்படித்தான் தொடங்குவாள் என்று அவளுக்குப் பட்டது.

நூருன்னிஸா மூச்சு வாங்கிக்கொண்டு, கையை நீட்டி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். குளிசையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். இங்கிலீஷ்ப் பெயரை வாசிக்கத் தெரியாவிட்டாலும் நிறத்தைப் பார்த்துக்கொண்டாள். எதனால் வரும் என்று கேட்டாள். குளிசை தவறினால், தூக்கம் கெட்டால் என்று ஜெஸ்லா மெல்லச் சொன்னாள்.

"தூக்கம் கெட்டாலா?" நூருன்னிஸா ஸைனம்புவின் பக்கம் திரும்பினாள். "அப்ப மருதோண்டி ராவு கிடையாது. விடிய விடியப் புள்ளய முழிக்க வச்சுப் பாட்டும் வேணாம், கூத்தும் வேணாம். பகல்லயே வச்சு முடிங்க. புள்ள நேரத்தோட தூங்கணும். எங்க பக்கத்துச் சனத்துக்கு நான் சொல்லிக்கிறேன்."

மருதோண்டி எப்போது வைப்பது என்று கேட்கிறவள் கல்யாணத்தை முறிக்கமாட்டாள். இது ஸைனம்புவுக்கு ஏறக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஏறியதும் அவள் எழுந்து போய் நூருன்னிஸாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். ஸக்கரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். பெரியவர்கள் மூவரும் ஒருவரையொருவர் சமாதானப்படுத்திக்கொண்டு, விருந்தை எத்தனை மணிக்கு முடிப்பது, பொண்ணு மாப்பிள்ளையை எப்போது கலேவெலவுக்கு அனுப்புவது என்று புதிதாகக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

ஜெஸ்லா உள்ளே போய்க் கட்டிலில் சும்மா சாய்ந்தாள். எழுந்து போய் மாமிக்குச் சாப்பாடு பரிமாற வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிற நேரத்தில் பட்டப்பகலில் குறட்டை விடுகிறாளே என்று ஸைனம்பு பதறி எழுப்பப் போனாள். நூருன்னிஸா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. எங்க புள்ள தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டு, தானே போய் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.